அம்மாவும் மூத்தவளும்

அம்மா இறந்து முப்பத்தேழு நாள் ஆகிறது. இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, மருத்துவமனை அறையில் என்னை வெளியே அனுப்பிவிட்டு அப்பாவிடம் இருபத்து மூன்று நிமிடம் பேசினாள். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். சொல்ல மாட்டார். சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. ஏன் இல்லை என்று விளக்க அம்மாவின் கதையை ஆரம்பத்திலிருந்து எழுத வேண்டியிருக்கிறது.

அம்மா சலவைக் கடையில் நீராவி இஸ்திரி இயந்திரம் ஓட்டினாள். மேல்தட்டைக் கையால் இழுத்து இறக்கி, காலால் மிதியை அழுத்தினால் ஆவி வரும். ஒரு நாளைக்குச் சுமார் எண்ணூறு மிதி. அதனால் அவளுடைய வலது கெண்டைக்கால் இடதைவிடப் பெரிதாக இருந்தது. துணியை வைத்தே ஆளைச் சொல்வாள். ஒரே சட்டை மூன்று வாரம் தொடர்ந்து அறுந்த பொத்தானோடு வந்தால், "அந்த வீட்ல பேச்சுவார்த்தை இல்ல" என்பாள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அடுத்த தெருக் கத்தோலிக்கக் கோயிலின் உதவிச் சாமியார் திங்கட்கிழமைதோறும் பீடத்துணிகளையும் தன் அங்கிகளையும் கொண்டுவந்து போடுவார். ஒரு திங்கட்கிழமை கறுப்பு அங்கியின் பையில் நான்காக மடித்த இரண்டு தாள் இருந்தது. முந்தின நாள் பிரசங்கம். அம்மா ஆவி வருவதற்குள் படித்து முடித்தாள். துணி எடுக்க வந்தவரிடம் தாளைக் கொடுத்து, "ரெண்டாவது பக்கம் தேவையில்லீங்க, ஃபாதர். சொன்னதையே சொல்லியிருக்கீங்க" என்றாள். அவர் நின்ற இடத்திலேயே படித்துப் பார்த்தார். "ஆமாம்" என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து பையில் இருந்தது வரப்போகும் ஞாயிற்றுக்கிழமைக்கான பிரசங்கம். மறதி இல்லை. அம்மா பென்சிலால் கோடு போட்ட இடங்களை அவர் வெட்டினார். இப்படியே ஒன்றரை வருடம் போனது. அந்த நாட்களில் அம்மா பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது பாவத்தைக் குருவிடம் தனியாகச் சொல்லி மன்னிப்புப் பெற, அவருடைய வரிசையில் நின்றதே இல்லை. காது மந்தமான பெரிய சாமியாரின் வரிசையில்தான் நிற்பாள். "அவரைப் பத்தி அவர்கிட்டயே எப்படிச் சொல்றது?" என்று பிற்காலத்தில் என்னிடம் கேட்டாள்.

அந்த உதவிச் சாமியார்தான் என் அப்பா.

கத்தோலிக்கக் குரு திருமணம் செய்துகொள்ளக் கூடாது. செய்ய வேண்டுமென்றால் ரோமுக்கு எழுதி, குருப் பணியிலிருந்தும் மணத்துறவு வாக்கிலிருந்தும் விலக்குப் பெற வேண்டும். அப்பா எழுதினார். எட்டு வருடம் பதில் வரவில்லை. இரண்டாவது வருடத்தில் இருவரும் அரசாங்கப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த வருடம் நான் பிறந்தேன். அரசாங்கத்துக்கு அது திருமணம். சபைக்கு அது ஒன்றுமே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் நற்கருணை அப்பம் வாங்க வரிசையில் போகும்போது நாங்கள் மூவரும் உட்கார்ந்திருப்போம். மற்றவர்கள் எங்கள் முழங்காலைத் தாண்டிப் போவார்கள். ஒரு அம்மாள் மட்டும் தாண்டும்போது பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வாள். "தீட்டு ஒட்டிக்கும்ல" என்று அம்மா கிசுகிசுப்பாள், கேட்கட்டும் என்றே.

எனக்கு ஆறு வயதானபோது கடிதம் வந்தது. லத்தீன். சாப்பாட்டு மேசையில் அப்பா வரி வரியாகப் பெயர்த்துச் சொன்னார். அம்மா எதிரில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். நான் மேசைக்கடியில் இருந்தேன். எனக்கு நினைவிருப்பது குரல்கள் மட்டும். மற்றதை அம்மா பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

விலக்கு உண்டு. கல்யாணம் ஆடம்பரமில்லாமல் நடக்க வேண்டும். இவரைக் குருவாக அறிந்தவர்கள் இருக்கும் ஊரில் குடியிருக்கக் கூடாது. பீடத்தில் பணி செய்யக் கூடாது, பிரசங்கம் கூடாது, குருமடத்தில் பாடம் நடத்தக் கூடாது.

"அவ்வளவுதானா?" அம்மா கேட்டாள்.

"கடைசியா ஒரு வரி இருக்கு. அது சும்மா, எல்லாருக்கும் எழுதுறது."

"என்ன அது?"

"சாகுற நிலைமையில யாராவது இருந்தா, அவங்க பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டு மன்னிப்புக் குடுக்கலாம். குடுக்கணும்."

"வேற சாமியார் பக்கத்துல இருந்தாலுமா?"

"இருந்தாலும்."

"அப்போ நீங்க இன்னும் சாமியார்தான்."

"குருப்பட்டம் அழியாது. பயன்படுத்தக் கூடாது, அவ்வளவுதான்."

அம்மா மடியிலிருந்த கைகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிறகு சொன்னாள்: "எங்க கடையில கவுண்டர்ல துணி வாங்கிப் போடுறாளே, அவளுக்கு கோர்ட்டே விவாகரத்து குடுத்தும் கோயில்ல செல்லாதுன்னுட்டாங்க. புருஷன் செத்தாத்தான் மறுகல்யாணம்னாங்க. சரி, மத்தவங்களுக்குத்தான் இந்தச் சட்டம்னு நினைச்சேன். உங்க மூத்தவளும் உங்களுக்கு விவாகரத்து குடுக்கல. தள்ளி இருன்னு மட்டும் சொல்லியிருக்கா."

அன்று வந்தது அந்தப் பெயர். அதன்பின் எங்கள் வீட்டில் திருச்சபைக்கு 'மூத்தவள்' என்றே பெயர். அம்மா இளையவள்.

கல்யாணம் காலை ஆறு மணிக்கு, பக்கவாட்டுச் சிற்றாலயத்தில் நடந்தது. சாட்சி சலவைக் கடை முதலாளியும் அவர் மனைவியும். அம்மாவின் உடுப்பை அவளே இஸ்திரி போட்டுக்கொண்டாள். என் அம்மா அப்பா கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன் என்று பள்ளியில் சொன்னேன். பொய் சொல்லாதே என்று ஆசிரியை கண்டித்தார்.

கடிதத்தின்படி ஊர் மாறினோம். அம்மா வேறொரு சலவைக் கடையில், அதே மாதிரி இயந்திரத்தில் சேர்ந்தாள். அப்பா குடிநீர் வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவர் ஆனார். "முன்னாடி வீடு வீடா மந்திரிக்கப் போனேன். இப்போ மீட்டர் பாக்கப் போறேன். இப்பத்தான் கதவைச் சீக்கிரம் திறக்கிறாங்க" என்பார். அம்மா சிரிக்க மாட்டாள். மந்திரிக்கப் போன நாளை அவர் நினைத்துப் பார்ப்பதே அவளுக்குப் பிடிக்காது.

அம்மாவின் பொறாமை பகலெல்லாம் வேலை செய்துகொண்டிருந்த பொறாமை. கோயில் மணி நடுப்பகலிலும் மாலை ஆறுக்கும் அடிக்கும். அடித்ததும் சமையலறை ஜன்னலைச் சாத்துவாள். "உங்க மூத்தவ கூப்பிடுறா. சாப்பிட்டுப் போறீங்களா, இல்ல அப்படியே போறீங்களா?" அப்பா தினமும் ஒரே பதில் சொல்வார்: "சாப்பிட்டு."

அப்பா ரொட்டியைக் கையால்தான் பிரிப்பார். இரண்டு கையாலும் தூக்கி, நடுவில், நிதானமாக, பூசையில் குரு அப்பத்தைப் பிரிப்பது போலவே. அம்மா ஒருநாள் ரொட்டி வெட்டும் கத்தி வாங்கி வந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இது கோயில் இல்ல. கத்தி இருக்கு." அதன்பின் கத்தியால் வெட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவோம். இப்போது நற்கருணை வாங்கலாம். யாரும் எங்கள் முழங்காலைத் தாண்ட வேண்டியதில்லை. ஆனால் உட்காரும் இடத்தை அம்மா தேர்ந்தெடுப்பாள்: இடது பக்கம், கடைசிக்கு முந்தின வரிசை, தூணுக்குப் பின்னால். அங்கிருந்து பீடம் தெரியாது. தூண்தான் தெரியும். குரு அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றம் வரும்போது அப்பாவின் உதடு குருவோடு சேர்ந்து அசையும். சத்தம் வராது. அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். அம்மா அவர் கைமேல் தன் கையை வைத்து அழுத்துவாள். உதடு நிற்கும். பார்க்கிறவர்களுக்கு அன்பான தம்பதி.

எனக்கு இருபது வயதான வருடம் அது நடந்தது. விடுமுறை நாள், மதியம். எங்கள் மாடியில் எதிர் வீட்டில் இருந்தவர் ஒரு பேக்கரிக்காரர். மாடிப்படியில் ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். அவர் மனைவி கத்த, எல்லாக் கதவும் திறந்தது. நான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். பேக்கரிக்காரர் சாம்பல் நிறமாகிவிட்டார். "சாமியார்... சாமியாரைக் கூப்பிடு" என்றார் மனைவியிடம். கோயில் பதினைந்து நிமிட நடை.

அப்பா படியில் முழங்கால் போட்டார். பேக்கரிக்காரரின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். பேக்கரிக்காரரின் கண் பெரிதானது. அப்பா எங்களைப் பார்த்து, "எல்லாரும் கொஞ்சம் தள்ளிப் போங்க" என்றார். அந்தக் குரலை அதற்குமுன் நான் கேட்டதில்லை. எல்லோரும் தள்ளிப்போனோம், பேக்கரிக்காரரின் மனைவியும்கூட. அம்மா மட்டும் எங்கள் வாசலிலேயே நின்றாள். பேச்சு கேட்காத தூரம். முகம் தெரியும் தூரம்.

நான்கு நிமிடம். அப்பா வலது கையைத் தூக்கிச் சிலுவை வரைந்தார். ஆம்புலன்ஸ் வந்தது.

அன்று மாலை அம்மா வீட்டில் இருந்த எல்லாச் சட்டையையும் இஸ்திரி போட்டாள், ஏற்கெனவே போட்டிருந்ததையும் சேர்த்து.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

"சொல்லக் கூடாதும்மா."

"எங்கிட்டயா?"

"உங்கிட்டயும்."

"இருபத்தோரு வருஷமா உங்க துணி என் கையில. உங்க பையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாத நாள் உண்டா?"

"இது பையில இல்ல."

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அந்த முகத்தை என்கிட்ட ஒரு நாள் காட்டினதில்ல நீங்க. அந்த ரொட்டிக்காரனுக்குக் காட்டினீங்க."

"எந்த முகம்?"

"அதுகூடத் தெரியாதா உங்களுக்கு?"

பதினோரு நாள் அவள் அப்பாவோடு பேசவில்லை. தேவையானதை என் மூலம் சொல்லியனுப்பினாள். "உங்கப்பாவைச் சாப்பிடச் சொல்லு. உங்கப்பாவுக்குக் குடை வேணுமான்னு கேளு." அப்பா அதே மேசையில், இரண்டடி தூரத்தில் இருப்பார்.

பேக்கரிக்காரர் பிழைத்துவிட்டார். மூன்று வாரத்தில் திரும்பி வந்தார். லிஃப்டில் அப்பாவைப் பார்த்தால் தரையைப் பார்ப்பார். தன் வாழ்நாள் பாவம் முழுவதையும் எதிர் வீட்டு மீட்டர்காரரிடம் சொல்லிவிட்டுப் பிழைத்துக்கொண்டவரின் சங்கடம். ஒருநாள் லிஃப்டில் நாங்கள் நாலு பேரும் இருந்தபோது அம்மா அவரிடம் சொன்னாள்: "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. இவரு வாயைத் திறக்க மாட்டாரு. நான் முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்." மறுநாள் முதல் எங்கள் வாசலில் தினமும் ஒரு ரொட்டி இருந்தது. அம்மா அதைத் தொடவில்லை. அப்பாவும் நானும் சாப்பிட்டோம்.

அதன்பின் பதினெட்டு வருடம் நன்றாகத்தான் வாழ்ந்தார்கள். ஜன்னல், தூண், கத்தி எல்லாம் அப்படியே இருந்தன. நான் படித்து, அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலைக்குப் போனேன். தராசு, அழுத்தமானி, வெப்பமானி. கருவி சொல்வதற்கும் உண்மைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கண்டுபிடித்துச் சான்றிதழில் எழுதுவது என் வேலை.

போன வருடக் கடைசியில் அம்மாவுக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. நான்கு மாதம். கடைசி வாரம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி நாள் கணக்குத்தான் என்றார். எங்கள் கோயில் பங்குச் சாமியாருக்குப் போன் செய்தேன். ஒரு மணி நேரத்தில், நோயாளிக்குப் பூசும் மந்திரித்த எண்ணெயோடு வருகிறேன் என்றார். இளைஞர், நல்லவர். அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த அப்பாவைப் பார்த்தாள். "நாற்காலியை இந்தப் பக்கம் போட்டு உக்காருங்க. காது என் பக்கம் இருக்கட்டும்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? பாவசங்கீர்த்தனம் சொல்லணும்."

"அவரு வந்துட்டிருக்காரு."

"வரட்டும். வேற சாமியார் பக்கத்துல இருந்தாலும் கேக்கலாம்னு நீங்கதான் படிச்சுக் காட்டினீங்க. கேக்கணும்னும் சொன்னீங்க."

"அது... சாகுற நிலைமையில."

"இது என்ன நிலைமைன்னு நினைக்கிறீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். உதவி கேட்கிற பார்வை. என்னிடம் உதவி இல்லை.

"உன்னோட பாவத்துல பாதியில நானும் இருக்கேனே" என்றார்.

"அப்போ உங்களுக்குச் சீக்கிரம் புரியும். நீ வெளியில போ. கதவைச் சாத்து." கடைசி இரண்டும் எனக்கு.

"நான் இருந்தா என்ன?" என்றேன். கேட்டது அம்மாவிடம். பதில் சொன்னது அப்பா.

"இருக்கக் கூடாதும்மா."

மாடிப்படியில் கேட்ட குரல். அடுத்த நொடி நான் வெளியில் நின்றேன்.

கதவில் கைப்பிடிக்கு மேல் ஒரு நீளமான கண்ணாடி இருந்தது. பார்த்திருக்கக் கூடாது. பார்த்தேன். அப்பா கட்டிலருகே பக்கவாட்டில் உட்கார்ந்து, காதை அம்மாவின் வாய்ப் பக்கம் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் என் அப்பா இல்லை. அம்மாவின் கணவரும் இல்லை. கேட்பது மட்டும் இருந்தது. யார் எதைச் சொன்னாலும் அங்கே இடம் இருக்கும் என்பது போல ஒரு முகம். அம்மா தலையணையில் தலையைத் திருப்பி அதையே பார்த்துக்கொண்டு பேசினாள். ஒரு இடத்தில் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. பிறகு நீண்ட நேரம் அழுதுகொண்டே பேசினாள். அப்பா துடைத்துவிடவில்லை. என் முப்பத்தெட்டு வருடத்தில் அம்மா அழுது அவர் கை நீட்டாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். தொழில் பழக்கம். இருபத்து மூன்று நிமிடம். அப்பா கையைத் தூக்கினார்.

எனக்கு அந்த நிமிடத்தில் வந்தது துக்கம் இல்லை. முப்பத்தெட்டு வயதில், தாய் சாகும்போது, என் தாயிடமிருந்து எனக்கு வர வேண்டிய ஏதோ ஒன்றை இன்னொருவர் வாங்கிக்கொண்டார் என்று நெஞ்சு எரிந்தது. அம்மா வாசலில் நின்று பேக்கரிக்காரரைப் பார்த்தது எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்தது.

பங்குச் சாமியார் வந்தார். அப்பா எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டார், யாரோ போல. சாமியார் அம்மாவிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய விருப்பமா என்று கேட்டார்.

"ஆச்சுங்க, ஃபாதர். உங்களுக்கு மிச்சம் வைக்கல" என்றாள் அம்மா.

சாமியார் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். சாமியார் வேறெதுவும் கேட்காமல் எண்ணெய்ப் புட்டியைத் திறந்தார்.

மறுநாள் அப்பா குளிக்க வீட்டுக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் கேட்டேன். பாவம் சொன்னவர் அதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். கேட்ட குருதான் சொல்லக் கூடாது. அவ்வளவு சட்டம் எனக்கும் தெரியும்.

"அம்மா, நேத்து என்ன சொன்னே அவர்கிட்ட?"

"உனக்கெதுக்கு?"

"நான் உன் பொண்ணு."

"அதனாலதான் சொல்ல மாட்டேன்." மூச்சு வாங்கினாள். "உங்கிட்ட சொன்னா, அது அவருக்கும் எனக்கும் மட்டும்னு இருக்காது. இத்தனை வருஷம் மூத்தவ மட்டும் வச்சிருந்த இடம் அது. இப்பத்தான் உள்ள போயிருக்கேன்."

"நான் வெளியில நிக்கிறேனே."

"நில்லு. நான் முப்பத்தொம்பது வருஷம் நின்னேன்." கொஞ்சம் சிரித்தாள். "நீ அப்பாவை மாதிரி இருப்பேன்னு நினைச்சேன். நீ என்னை மாதிரி."

நடுப்பகலில் எங்கோ தூரத்தில் ஒரு கோயில் மணி அடித்தது. நான் பழக்கத்தில் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனேன்.

"சாத்தாத" என்றாள். "நல்லாத் திறந்து வை."

திறந்தேன். மணி நிற்கும் வரை கேட்டாள். மாலையிலும் அப்படியே. மறுநாள் நடுப்பகலிலும். அன்று மாலை மணிக்கு அவள் இல்லை.

பாவசங்கீர்த்தனத்தின் முடிவில் குரு ஒரு அபராதம் கொடுப்பார். இத்தனை செபம் சொல், இன்னாரிடம் சமாதானமாகப் போ என்று. மணி அடிக்கும்போது ஜன்னலைத் திறந்து வை என்று அப்பா அம்மாவுக்குக் கொடுத்திருப்பாரோ. இது என் ஊகம். அல்லது அம்மாவுக்கே போதும் என்று தோன்றியிருக்கலாம். இரண்டில் எது என்பது எனக்கு முக்கியம். ஒன்று அப்பா சொல்லி அவள் செய்தது. மற்றது அவளாகச் செய்தது.

அடக்கம் முடிந்த வாரம் அப்பாவிடம் கேட்டேன். நேராகக் கேட்டேன்: "ஜன்னல்தான் அபராதமா?"

அவர் ரொட்டியை எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும் தூக்கி, நடுவில் பிரித்தார். கத்தி இழுப்பறையில் இருந்தது.

"அப்பா."

"சாப்பிடும்மா."

"ஆமான்னு தலையாட்டக்கூட வேணாம். இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க."

"அதுவும் சொல்றதுதான்."

"எங்கிட்டயா?"

"உங்கிட்டயும்."

முகத்தையே பார்த்தேன். கண், வாயோரம், தாடை. ஒன்றும் அசையவில்லை. எதைக் கொடுத்தாலும் முள் அசையாத கருவியை நான் பழுது என்று எழுதித் தள்ளிவைப்பேன். அப்பாவுக்குப் பழுது ஒன்றும் இல்லை. தட்டில் இருந்த பாதி ரொட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

ஞாயிற்றுக்கிழமை அவரோடு கோயிலுக்குப் போகிறேன். தூணுக்குப் பின்னால் அதே இடத்தில் உட்காருகிறோம். முன்னால் போய் உட்காரலாமா என்று நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. எழுந்தேற்றத்தில் அவர் உதடு அசைகிறது. என் கை அவர் கைக்கு மேலே போய், அழுத்தாமல், பக்கத்தில் பெஞ்சில் இறங்குகிறது. இதுவரை ஐந்து ஞாயிறு.

வீட்டில் அப்படி முடிவதில்லை. நேற்று மாலை ஆறுக்கு மணி அடித்தது. எழுந்து சமையலறை ஜன்னலைச் சாத்தினேன்.

"திறந்து வையேன்மா. புழுக்கமா இருக்கு" என்றார் அப்பா.

"அடிச்சு முடிக்கட்டும்" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தது. மூடிக்கொண்டது. மணி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. நான் கொக்கியிலிருந்து கையை எடுக்கவில்லை.